சம்பளம் வாங்காத வரி வசூல்காரர்

இந்த முறை தலைப்பு கொஞ்சம் வறட்சியானதுதான். ஊழியர் சம்பளத்தில் வருமான வரியைப் பிடித்து, அதை மாதாமாதம் அரசுக்குக் கட்டி, கணக்கும் தாக்கல் செய்கிற வேலையைப் பற்றி. "இதுல என்னப்பா வரலாறு இருக்கு?" என்று கேட்பீர்கள். இருக்கிறது! இரண்டு போர்கள், அறிவிப்பு வெளியாக வேண்டிய நாளிலேயே இறந்துபோன ஒரு நிதியமைச்சர், அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்ற ஒரு அம்மணி எல்லாரும் வருகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பிரிட்டனில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் வருமான வரி ரிட்டர்ன் போடுவதே இல்லை. போடத் தேவையும் இல்லை. ஆண்டு முடியும்போது பிடித்த வரியும் கட்ட வேண்டிய வரியும் அநேகமாகச் சரியாக இருக்கும். கேட்கவே பொறாமையாக இருக்கிறது இல்லையா? ஆனால் கணக்கு தானாக எழுதிக்கொள்ளாது. யாரோ ஒருவர் எழுதத்தான் வேண்டும். அந்த யாரோ, சம்பளம் கொடுப்பவர். பெரிய கம்பெனி என்றால் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும். மூன்று பேரை வைத்து சலூன் நடத்துகிறவருக்கு? கடையைச் சாத்திய பிறகு அவரேதான் உட்கார்ந்து பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஆடிட்டருக்குக் காசு கொடுக்க வேண்டும். இந்த வேலை அவர் தலையில் எப்படி வந்து விழுந்தது?

கதை நெப்போலியனிடமிருந்து தொடங்குகிறது. பிரான்சோடு நடந்த போருக்குப் பணம் வேண்டும் என்று பிரதமர் வில்லியம் பிட் 1799-ல் வருமான வரியைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 60 பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு வரி. 200 பவுண்டைத் தாண்டினால் பத்தில் ஒரு பங்கு. அவரவர் வருமானத்தை அவரவரே சொல்ல வேண்டும். ஒரு கோடி பவுண்டு வரும் என்று பிட் கணக்குப் போட்டார். வந்தது ஏறக்குறைய 60 லட்சம். மனிதர்களை அவர்கள் வாயாலேயே வருமானம் சொல்லச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது :-)

1802-ல் சமாதானம் வந்ததும் வரி போனது. 1803-ல் மறுபடி போர் வந்ததும் வரியும் வந்தது. இந்த முறை பிரதமர் ஹென்றி அடிங்டன். இவர் பிட் அளவுக்குப் பேர்பெற்றவர் இல்லை, ஆனால் ஒரு விஷயத்தில் அவரைவிடக் கெட்டிக்காரர். வாடகை வாங்குகிறவரிடம் "உனக்கு எவ்வளவு வந்தது?" என்று கேட்பதை விட்டுவிட்டு, வாடகை கொடுக்கிறவரையே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கச் சொன்னார். அரசுக் கடன் பத்திரங்களுக்கான வட்டிக்கும் அரசுப் பதவிகளின் சம்பளத்துக்கும் இதே பிடித்தம். வயலுக்கு வயல் போய்த் தண்ணீரை அளப்பதை விட்டு மதகிலேயே அளந்துவிடுகிற வேலை. விளைவு? பிட் போட்டதில் பாதி விகிதம்தான், நூற்றுக்கு ஐந்து. ஆனாலும் ஏறக்குறைய அதே அளவு பணம் வந்து சேர்ந்தது.

பணத்தைப் பெறுபவரைவிடக் கொடுப்பவரைப் பிடிப்பது சுலபம் என்று அன்று தெரிந்துகொண்டதை எந்த அரசும் பிறகு மறக்கவில்லை. (வாட்டர்லூ போருக்குப் பிறகு 1816-ல் வரியை ஒழித்தபோது அதன் பதிவேடுகளையே அழிக்கச் சொல்லி நாடாளுமன்றம் உத்தரவு போட்டது. அவ்வளவு வெறுப்பு. ஆனால் 1842-ல் ராபர்ட் பீல் காலத்தில் வரி திரும்பி வந்துவிட்டது.)

ஆனாலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சாதாரணத் தொழிலாளிக்கும் இதற்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை. வருமான வரி என்பது வசதியுள்ளவர்களின் தலைவலி. 1930-களில் வரி கட்டிய சம்பளக்காரர்கள் ஜனவரியில் ஒரு தவணை, ஜூலையில் ஒரு தவணை என்று கட்டினார்கள். இரண்டாம் உலகப்போர் இதைத் தலைகீழாக்கியது. போருக்கு முன்பு பிரிட்டனில் வருமான வரி கட்டியவர்கள் ஏறக்குறைய 40 லட்சம் பேர். போர் நடுவில் அது 1 கோடியே 20 லட்சத்தைத் தாண்டியது. 1941-ல் அடிப்படை விகிதம் பவுண்டுக்கு 10 ஷில்லிங், அதாவது சரிபாதி! விலக்கு வரம்பையும் குறைத்துவிட்டார்கள். பட்டறைத் தொழிலாளி, நெசவாலைப் பெண், கப்பல் கட்டுபவர் எல்லாரும் வரி வலைக்குள்.

வாரக்கூலி வாங்குபவரிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பணம் கேட்டால் எங்கே போவார்? அதனால் 1940-லேயே முதலாளிகள் சம்பளத்தில் வரியைப் பிடித்தாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் பிடித்தது இந்த வாரக் கூலிக்கான வரி அல்ல, முந்தைய அரையாண்டில் சம்பாதித்ததற்கான வரி. சிக்கல் இங்கேதான். ஓவர்டைம் பார்த்து நன்றாகச் சம்பாதித்தவர், ஓவர்டைம் நின்றுபோன பிறகு குறைந்த கூலியிலிருந்து பழைய பெரிய வருமானத்துக்கான வரியைக் கட்டினார். போர் முடிந்தால் எல்லாத் தொழிற்சாலைகளிலும் ஒரே நேரத்தில் ஓவர்டைம் நிற்கும். கோடிக்கணக்கான பேர் கையில் காசில்லாமல் பழைய வரிபாக்கியோடு நிற்பார்கள். பிரிட்டிஷ் கருவூலத்துக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

இதற்குத் தீர்வு கண்டவர்களில் முக்கியமானவர் பால் சேம்பர்ஸ் என்ற வரித்துறை அதிகாரி. இந்த ஆளுக்கு நம் நாட்டுத் தொடர்பு உண்டு. 1935-36-ல் இந்திய வருமான வரி விசாரணைக் குழுவில் உறுப்பினராக இருந்தவர். 1937 முதல் 1940 வரை இந்திய அரசுக்கு வருமான வரி ஆலோசகர். இந்தியாவின் 1922-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 18-ஆவது பிரிவைப் பாருங்கள்: சம்பளம் கொடுப்பவர் கொடுக்கும்போதே வரியைப் பிடித்துவிட வேண்டும். அதாவது இங்கிலாந்துத் தொழிலாளி இதைச் சந்திப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, கல்கத்தாவிலும் சென்னையிலும் வரி வரம்புக்குள் வந்த குமாஸ்தாவின் சம்பளத்தில் அந்தந்த மாதமே கை வைத்திருக்கிறார்கள். நம்மிடம் முதலில் செய்து பார்ப்பது அவர்களுக்குப் புதிதல்லவே!

குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டனிலிருந்து வரித்துறை 1940-ல் வேல்ஸில் உள்ள லாண்டட்னோ என்ற கடற்கரை ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தது. சுற்றுலா ஹோட்டல் அறைகள்தான் அலுவலகம். அந்தக் காலத்தில் உருவான திட்டத்தின் பெயர் 'பே ஆஸ் யூ எர்ன்'. முதலெழுத்துகளைச் சேர்த்து பேயீ என்பார்கள் (பேய் என்று படித்துவிடாதீர்கள், சில முதலாளிகளுக்கு அப்படித்தான் தெரிந்தது என்பது வேறு விஷயம்). இலங்கைத் தமிழர்கள் இதற்கு 'உழைக்கும்போதே செலுத்தும் வரி' என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். 1943 செப்டம்பர் 21-ல் நிதியமைச்சர் கிங்ஸ்லி வுட் இந்தத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் அறிவிப்பதாக இருந்தது. அன்று காலை அவர் இறந்துபோனார். அடுத்து வந்த ஜான் ஆண்டர்சன் காலத்தில் சட்டம் நிறைவேறி, 1944 ஏப்ரல் 6-ல் நடைமுறைக்கு வந்தது.

அதன் மூளையான பகுதி, கூட்டிக்கொண்டே போகும் கணக்கு. இன்றைய எண்களில் சொன்னால் புரியும். ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வரி இல்லை என்றால் மாதத்துக்கு 1,047.50. ஒருவர் மாதம் 2,000 பவுண்டு வாங்குகிறார். மீதி 952.50-க்கு 20 சதவீதம் என்றால் 190.50 வரி. மூன்று மாதத்தில் 571.50 பிடித்தாயிற்று. நான்காவது மாதம் உடம்பு முடியாமல் சம்பளமில்லா விடுப்பு. இப்போது நான்கு மாதத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் சம்பளம் 6,000, விலக்கு 4,190. மிச்சம் 1,810-க்கு வரி 362 தான். ஆகவே அதிகமாகப் பிடித்த 209.50 பவுண்டு அந்த மாதமே அவர் கைக்குத் திரும்பி வருகிறது. விண்ணப்பம், அலைச்சல் எதுவும் இல்லை. கூலி ஏறி இறங்கும் தொழிலாளிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

இரண்டாவது புத்திசாலித்தனம், கோடு நம்பர். "என் குடும்ப விவரம், வேறு வருமானம் எல்லாம் முதலாளிக்கு ஏன் தெரியணும்?" என்பது நியாயமான கேள்வி. அதனால் அந்த விவரங்களை வரித்துறையே வைத்துக்கொண்டு, முதலாளிக்கு ஒரே ஒரு எண்ணை மட்டும் கொடுத்தது. எண்ணைப் பார், அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டு, வரியைப் பிடி. ஏன் எதற்கு என்று கேட்காதே. தொழிலாளியின் அந்தரங்கத்தைக் காப்பாற்ற இவ்வளவு யோசித்தவர்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

சரி, இத்தனை நன்மைக்கும் விலை யார் கொடுத்தது? ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு அட்டை. சம்பள நாள்தோறும் அதில் அதுவரை கொடுத்த மொத்தம், அதுவரை பிடித்த வரி, இன்று பிடிக்க வேண்டியது எல்லாம் எழுத வேண்டும். ஆள் வேலையை விட்டுப் போனால் பி45 படிவம் (அங்கே "பி45 கொடுத்துவிட்டார்கள்" என்றால் சீட்டைக் கிழித்துவிட்டார்கள் என்றே அர்த்தம்). ஆண்டுக் கடைசியில் பி60. பிடித்த பணத்தை வரி மாதம் முடிந்த 14 நாளுக்குள் கட்ட வேண்டும். வரி மாதம் என்றால் ஒன்றாம் தேதி தொடங்கும் மாதம் இல்லை. 6-ஆம் தேதி தொடங்கி அடுத்த 5-ஆம் தேதி முடிவது. ஆக கெடு 19-ஆம் தேதி. 1752-ல் காலண்டரை மாற்றி 11 நாட்களை விழுங்கிய கூத்து வரை இந்தத் தேதியின் வேர் போகிறது, அதற்குள் நுழைந்தால் திரும்பி வர முடியாது. விடுங்கள்.

இத்தனைக்கும் முதலாளிக்குச் சட்டம் கொடுத்த கூலி பூஜ்யம்.

இதை வெளிப்படையாகச் சண்டைக்கு இழுத்தவர் பிரிட்டனில் இல்லை, அமெரிக்காவில் இருந்தார். அங்கேயும் இதே போர், இதே பணத்தேவை. மேசிஸ் கடையின் பொருளாளரும் நியூயார்க் மத்திய வங்கியின் தலைவருமான பியர்ட்ஸ்லி ரம்ல் நடப்பாண்டு வரியை நடப்பாண்டிலேயே வாங்க வேண்டும் என்று பிரசாரம் செய்தார். 1943 ஜூனில் சட்டம் வந்து, ஜூலை 1 முதல் முதலாளிகள் சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்தார்கள். மக்கள் ஒரே ஆண்டில் இரண்டு ஆண்டு வரி கட்டாமலிருக்க, 1942, 1943 இரண்டில் எது குறைவோ அந்த ஆண்டு வரியில் பெரும்பாலானவர்களுக்கு முக்கால் பங்கைத் தள்ளுபடியே செய்தார்கள். அரசு அப்படித் தள்ளுபடி செய்கிறது என்றால் அந்த ஏற்பாட்டின் அருமையை எவ்வளவு உணர்ந்திருக்க வேண்டும்! (அப்போது கருவூலத்தில் இந்த வேலையில் இருந்த இளைஞர்களில் ஒருவர் மில்டன் ஃப்ரீட்மன். அரசு சிறியதாக இருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் முழங்கிய அதே ஃப்ரீட்மன்தான்.)

கனெக்டிகட் மாநிலத்தில் விவியன் கெல்லம்ஸ் என்ற பெண்மணி கேபிள்களை இழுத்துப் பிடிக்கும் பிடிப்பான்கள் செய்யும் ஒரு சிறு கம்பெனி நடத்திவந்தார். 1948-ல் அவர் பகிரங்கமாக அறிவித்தார்: இனி என் ஊழியர்கள் சம்பளத்தில் வரி பிடிக்க மாட்டேன். ஊழியர்கள் வரி கட்டக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. அவர்களே கட்டிக்கொள்ளட்டும், கட்டினார்கள். நான் அரசின் வசூல் ஏஜெண்டாக இருக்க வேண்டுமென்றால் எனக்குச் சம்பளம் கொடுங்கள், கூடவே ஒரு பேட்ஜும் கொடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. என் மேல் வழக்குப் போடுங்கள், நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கருவூலச் செயலாளருக்கே எழுதினார். வரித்துறை வழக்குப் போடவில்லை. அவர் கம்பெனியின் வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டு அவர்தான் வழக்குப் போட வேண்டியிருந்தது. 1951-ல் ஜூரி அவர் பக்கம் சாய்ந்தது, பணமும் வந்தது. ஆனால் சட்டம் அப்படியே நின்றது. சம்பளமும் வரவில்லை, பேட்ஜும் வரவில்லை. அவருடைய மற்ற அரசியல் கருத்துகள் எனக்கு ஒத்துவராதவை. ஆனாலும் அந்தப் பேட்ஜ் கேள்விக்கு எந்த அரசும் நேராகப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

பிரிட்டனுக்குத் திரும்புவோம். அங்கே இது ஒரு வழியாகப் பழகிப்போனதும், அரசுக்கு ஒரு உண்மை புரிந்தது: நாட்டில் உள்ள ஒவ்வொரு முதலாளியிடமும் ஏற்கெனவே ஒரு கணக்குப்புத்தகம் இருக்கிறது. அதிலேயே மற்றதையும் ஏற்றிவிடலாமே? 1975-ல் ஊழியர்களின் தேசியக் காப்பீட்டுச் சந்தா, அட்டையில் ஸ்டாம்ப் ஒட்டுவதை விட்டு, சம்பளத்தோடு பிடிக்கும் முறைக்கு முழுதாக மாறியது. 1983-ல் நோய்க்கால ஊதியம், 1987-ல் மகப்பேறு ஊதியம், 2000-ல் மாணவர் கல்விக்கடன் தவணை. அதே 2000-ல் ஏழைக் குடும்பங்களுக்கான வரிச் சலுகைப் பணத்தைக்கூட முதலாளி கையால் கொடுக்க வைத்தார்கள். 2006-ல் அது நின்றது. 2012-லிருந்து ஓய்வூதியத் திட்டத்தில் ஊழியரைச் சேர்க்கும் பொறுப்பும் சேர்ந்தது. கழுதை சுமக்கிறது என்று தெரிந்துவிட்டால் மூட்டைக்கா பஞ்சம்?

இந்தச் சுமைக்கு எடை போட்டும் பார்த்திருக்கிறார்கள். 1995-96-ஆம் ஆண்டுக்கு வரித்துறையே கேட்டு பாத் பல்கலைக்கழகம் ஒரு ஆய்வு செய்தது. முதலாளிகள் இந்த வேலைக்காகச் செலவழிக்கும் நேரம், பணம் எல்லாவற்றையும் கணக்கிட்டார்கள். 5,000 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஒரு ஊழியருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டுக்கும் குறைவாகத்தான் செலவு. ஒன்று முதல் நான்கு பேர் வரை வைத்திருப்பவருக்கு? ஒரு ஊழியருக்கு 288 பவுண்டு! காரணம் எளிது. சட்டத்தைப் படிக்கும் நேரம் ஒரு ஆளுக்கும் அதேதான், ஐயாயிரம் பேருக்கும் அதேதான்.

அரசுத் தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு, சொல்லிவிட வேண்டும். பிடித்த வரியைக் கட்டும் நாள் வரை அந்தப் பணம் முதலாளியிடம்தான் இருக்கிறது. அதை அவர் புரட்டிக்கொள்ளலாம், அதுவே கூலிதானே? உண்மைதான். ஆனால் கோடிக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும் பெரிய கம்பெனிக்குத்தான் அது கூலி. நான்கு பேரின் வரியை இரண்டு வாரம் வைத்திருந்து சலூன்காரர் என்ன வட்டி பார்த்துவிடப் போகிறார்? சுமை கீழே கனக்கிறது, சலுகை மேலே தங்கிவிடுகிறது.

ஒரே ஒருமுறை அரசு சிறு முதலாளிக்கு இந்த வேலைக்காகப் பணம் கொடுத்திருக்கிறது. 50-க்கும் குறைவான ஊழியர்களை வைத்திருப்பவர்கள் ஆண்டுக் கணக்கை இணையம் வழியாக அனுப்பினால், 2004-05-ஆம் ஆண்டுக்கு 250 பவுண்டு, அடுத்த ஆண்டுக்கும் 250, பிறகு 150, 100, 75. ஐந்து ஆண்டுகளில் 825 பவுண்டு. கெல்லம்ஸ் அம்மணி 1975-லேயே காலமாகிவிட்டார், இல்லையென்றால் பேட்ஜ் எங்கே என்று கேட்டிருப்பார். பழக்கம் வந்ததும் பணம் நின்றது, இணையத் தாக்கல் கட்டாயமானது.

2013 ஏப்ரலில் இன்னொரு பெரிய மாற்றம். அதுவரை பணம் மாதாமாதம் போனாலும், யாருக்கு எவ்வளவு என்ற விவரம் ஆண்டுக்கு ஒருமுறைதான் போகும். இனிமேல் சம்பளம் கொடுக்கும் நாளிலோ அதற்கு முன்போ ஒவ்வொரு ஊழியரின் விவரமும் கணினி வழியாகப் போய்விட வேண்டும் என்றார்கள். காரணம் வரி மட்டும் இல்லை. அரசின் புதிய உதவித்தொகைத் திட்டத்தில், இந்த மாதச் சம்பளத்தைப் பார்த்துத்தான் இந்த மாத உதவியை முடிவு செய்வார்கள். சலூன்காரர் கணக்கை அனுப்பத் தாமதித்தால், அவரிடம் பகுதிநேரம் வேலை பார்க்கும் பெண்ணின் வீட்டு உதவித்தொகையே தப்பாகிவிடலாம். இந்த வேலை அற்பமில்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன சொல்ல?

சிறு முதலாளிகள் கூச்சல் போட்டதில் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. 50 பேருக்குக் குறைவானவர்கள் மாதக் கடைசியில் அனுப்பலாம் என்றார்கள், 2014 ஏப்ரல் வரை. ஒன்பது பேருக்குள் இருந்தவர்களுக்கு அது 2016 ஏப்ரல் வரை நீண்டது. பிறகு எல்லாருக்கும் ஒரே விதி. பணத்தை மட்டும், மாதம் சராசரி 1,500 பவுண்டுக்குக் குறைவாகக் கட்டுபவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டலாம். விவரம் மட்டும் சம்பள நாள்தோறும் போயாக வேண்டும்.

தாமதித்தால் அபராதம். ஒன்று முதல் ஒன்பது ஊழியர் என்றால் மாதத்துக்கு 100 பவுண்டு. 250-க்கு மேல் என்றால் 400. சின்னவருக்குக் குறைவு, பெரியவருக்கு அதிகம் என்று பார்த்தவுடன் நியாயமாகத்தான் தெரியும். வகுத்துப் பாருங்கள். 250 பேர் வைத்திருப்பவருக்குத் தலைக்கு 1.60 பவுண்டு, ஒரே ஒருவரை வைத்திருப்பவருக்குத் தலைக்கு 100. ஆண்டின் முதல் தவறை மட்டும் மன்னித்துவிடுவார்கள்.

இன்றும் கணினி இல்லாமல் காகிதத்தில் அனுப்ப அனுமதி உள்ளவர்கள் சிலர் இருக்கிறார்கள். கணினியைத் தொடக்கூடாது என்று நம்பும் மதப் பிரிவினர் ஒரு வகை. இன்னொரு வகை, தங்களையோ வீட்டில் முடியாமல் இருப்பவரையோ பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருப்பவர்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர், தன்னைத் தூக்கி உட்கார வைக்க ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தால், சட்டத்தின் பார்வையில் அவரும் முதலாளிதான்.